அக்காவும் நானும் போகாத இந்தியா

அக்கா, ஏ அக்கா. வேல முடிஞ்சி வந்து கதவ தள்ளுறப்ப இப்பவும் வாயில இதுதான் வருது. ஏன்டான்னு கேக்க ஆள் இல்ல.

நான் எட்டாம் வகுப்போட நின்னவன். எழுத்தெல்லாம் பெருசா வராது, பேசுற மாதிரியே எழுதுறேன்.

எங்களுக்கு சின்னதுலயே அம்மா அப்பா இல்ல. லுணுகலைக்கு மேல உள்ள தேயிலத் தோட்டத்துல பெரியப்பா தான் ரெண்டு பேரையும் வளத்தாரு. அவருக்கு புள்ள இல்ல. அக்கா தோட்டத்துலயே கொழுந்து எடுத்தா. நான் பண்டாரவளையில மரக்கறி லொறிக்கு மூட்ட ஏத்துறேன்.

அக்காவுக்கு இந்தியாவ சுத்திப் பாக்கணும். எங்க ஆளுங்க அங்க போனா மதுரை, பழனின்னு கோயில் பாத்துட்டு, சீல வாங்கிட்டு வந்துருவாங்க. அவளுக்கு அது பத்தாது. ஒட்டகம் போற மணல் பாக்கணும், தாஜ்மகால் பாக்கணும், ஐஸ் கொட்டுற மல பாக்கணும். எல்லாம் போன்ல பாத்தது தான். ஒரே நாடுடா, ஆனா ஒரு ஊர்ல பேசுறது அடுத்த ஊருக்கு புரியாதாம், சோறு கூட வேற வேறயாம்னு சொல்லிச் சொல்லி என்னையும் இழுத்துட்டா. கொழும்புக்கு போய் வரிசையில நின்னு ரெண்டு பேரும் பாஸ்போட் எடுத்தோம். மெட்ராசுல எறங்குறது, அங்கேருந்து ரயில்லயே மேல போறதுன்னு கலண்டர் தாளுக்கு பின்னால எழுதி செவத்துல ஒட்டினா.

தோட்டத்து ஆளுங்க வரிசையா குடியிருக்கிற எங்க லயமே சிரிச்சிச்சு. மொனராகலைக்கு போறதுக்குள்ள பஸ்ல ரெண்டு தடவ வாந்தி எடுக்கிறவ, ரெண்டு நாள் ரயில்ல போறாளாம்னு பக்கத்து வீட்டு சித்தி சொன்னிச்சு.

"ரயில்ல கக்கூசு இருக்கு சித்தி. பஸ்ல இருக்கா?"ன்னு கேட்டா அக்கா.

கொழுந்து நிறுக்கிற எடத்துல ஏக், தோ, தீன்னு எண்ணுவா. கணக்கப்பிள்ளையே அவள இந்திக்காரின்னு தான் கூப்பிடுவாரு.

தைப்பொங்கல் முடிஞ்சி போறதா இருந்தோம். மார்கழியில பெரியப்பா செத்துட்டாரு. மொட்ட போட்டு கொள்ளிக்குடம் ஒடச்சது நான். கொள்ளி வச்சவன் ஒரு வருசத்துக்கு கோயிலுக்குள்ள போகக்கூடாது, கடல் தாண்டக்கூடாது, மல ஏறக்கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க.

பதினாறு முடிஞ்ச பொறகு அக்கா மெதுவா ஆரம்பிச்சா.

"மல ஏறக்கூடாதுன்னா நீ லயத்துக்கே வரக்கூடாதுடா. கீழ ரோட்டுலயே படு."

நான் சிரிக்கல.

"கோயில் வேணாம்டா. நம்ம பாக்கத் தான போறோம், கும்பிடவா போறோம்? பெரியப்பா இருந்தா போய்ட்டு வாங்கன்னு தான் சொல்லுவாரு."

இந்தியா வரைக்கும் போய் கோயில் வாசல மிதிக்காம வாறதா, நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு கத்தினேன். அவ்வளவு அவசரம்னா நீ மட்டும் போ அப்டின்னும் சொன்னேன். அவ தனியா போக மாட்டான்னு தெரிஞ்சி தான் சொன்னேன். அவ சட்டிய கழுவப் போய்ட்டா.

இப்ப மறைக்க என்ன இருக்கு. எனக்கு பயம். பிளேன்ல ஏற பயம். அவ்வளவு பெரிய ஊர்ல தொலஞ்சிட்டா எழுத்துக் கூட்டி படிக்கிறவன் எப்டி வாறதுன்னு பயம். அத சொல்ல வெக்கமா இருந்திச்சு. பெரியப்பா சாவு எனக்கு சாக்கா வந்திச்சு. அந்த மனுசன் மேல பழிய போட்டு நான் தப்பிச்சேன். அக்கா அத நம்பி, வருசம் முடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா.

முடிய ரெண்டு மாசம் இருக்கிறப்ப, தீபாவளிக்கு முந்தின வாரம், கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த எடத்துல குளவிக்கூடு கலஞ்சிருச்சு. மத்தவங்களுக்கு அஞ்சாறு கொட்டு. ஓடுறப்ப அக்கா விழுந்துட்டா, குளவி மொத்தமும் அவ மேல மொய்ச்சிருச்சு. எனக்கு போன் வந்தப்ப கோவா, அதான் முட்டகோசு, மூட்ட தோள்ல இருந்திச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு போய் சேர முந்தியே எல்லாம் முடிஞ்சிருச்சு.

பொறகு ஒரு நாள் அவ பாஸ்போட்ட தொறந்து பாத்தேன். ஒரு சீல் இல்ல. படம் புடிக்கிறப்ப சிரிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க, அதனால மொறச்சிக்கிட்டு இருக்கா. அது என்னய மொறைக்கிற மாதிரியே இருக்கு.

அவளுக்கும் நான் தான் கொள்ளிக்குடம் ஒடச்சேன். அதனால மறுபடியும் ஒரு வருசம். இந்த தடவ சாக்கு இல்ல, நெசமாவே உள்ள போக முடியல. வெள்ளிக்கெழம கோயில் மணி கேக்கும், நான் வெளிய ரோட்டுலயே நின்னுட்டு வந்துருவேன். அதனால இத படிக்கிற உங்கள தான் கேக்குறேன். நீங்க கோயிலுக்கு போனாலும் சரி, சர்ச்சு, பள்ளிவாசல், புத்தர் இருக்கிற பன்சல எங்க போனாலும் சரி, எங்க அக்காவுக்காக ஒரு வார்த்த கும்பிட்டுக்கங்க. நான் போக முடியாத எடத்துல நீங்களாவது அவளுக்காக கேளுங்க.