நனைத்து அனுப்பிய தோல்

போன வாரம் செம்பூர் வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகியது. சொந்த வீடு, மூன்றாம் மாடி. யார் தயவும் இல்லாமல் வாங்கியது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். குழாய்க்காரர் உள்ளே கிடந்த ரப்பர் வாஷரைக் கம்பியால் நோண்டி என் உள்ளங்கையில் போட்டார். நான் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். "க்யா சூங்க்தா ஹை, சாச்சா?" என்று, எதை மோந்து பார்க்கிறேன் எனக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு எப்படிச் சொல்வேன்? வாஷர் என்றால் எனக்கு ஆவாரம்பட்டையும் புங்க எண்ணெயும் கலந்த வாடை அடிக்க வேண்டும். அடிக்கவில்லை.

அந்த வாடை தாராவியுடையது. யுத்த காலத்தில் நான் அங்கே ராவுத்தர் தோல்கிடங்கில் வேலை பார்த்தேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள்தான். ஆனால் ஒரு தோலைத் தடவிப் பார்த்து, அந்த மாடு மேட்டில் மேய்ந்ததா பள்ளத்தில் மேய்ந்ததா என்று சொல்லுவேன். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். மீதி நேரம் மாடு வந்து மறுக்கவா போகிறது?

அப்போது ஒரு கோடையில் சர்க்கார் ஓவர்சியர் ஒருவர் எங்கள் கிடங்குக்கு வந்தார். மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர், பெயர் வெங்கிட்டு. மூக்கில் கைக்குட்டை, கக்கத்தில் குடை, ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்தார். வந்த விஷயம் இதுதான். சோலாப்பூருக்கு அப்பால், மழை பொய்த்த கிராமங்களில் சர்க்கார் தரையைத் துளைத்துக் கைப்பம்பு வைத்திருந்தது. பம்புக்குள்ளே தண்ணீரை இழுத்துக் கொடுப்பது கிண்ணம் போல மடித்த ஒரு தோல் வாஷர். அது சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டியது. யுத்தத்தால் கப்பல் நின்றது. தேய்ந்த வாஷருக்கு மாற்று இல்லாமல் பம்புகளும் நின்றன.

"பம்பு நிக்கறது, குடம் நிக்கறது, பொம்மனாட்டிகள் நிக்கறா. தண்ணி மட்டும் இல்லை. போன மாசம் கண்ணால பார்த்துட்டு வந்தேன்" என்றார். கைக்குட்டை தானாகக் கீழே இறங்கியிருந்தது.

ராவுத்தர் என்னைப் பார்த்தார். "ஏலே, முடியுமா?"

"கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன் மொதலாளி" என்றேன். அதுவரை பம்பின் உள்வயிற்றை நான் பார்த்ததே இல்லை.

செய்தேன் ஐயா. எருமைத் தோலை ஊறவைத்து, மர அச்சில் வைத்து அழுத்தி, விளிம்பைச் சீவினேன். முதல் சில கிண்ணங்கள் சட்டைப்பையில் போட்ட முறுக்கு மாதிரி வந்தன. பிறகு கை பழகிவிட்டது. மாட்டுங்காவில் சர்க்கார் சாமான் வைக்கும் முற்றத்தில் ஒரு பம்பில் மாட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆள் மாற்றி ஆள் அடித்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. வெங்கிட்டு சார் அந்த இடத்திலேயே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

இனி என் மூளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ந்த தோல் சுருங்கும். ஊறவைத்துத்தான் பம்பில் மாட்ட வேண்டும். நான் யோசித்தேன்: குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் தோல் ஊறவைக்கத் தண்ணீருக்கு எங்கே போவார்கள்? அதனால் நனைத்தே அனுப்புவோம். எங்கள் ஊரில் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் தும்பிக்கை போலத் தொங்கும் தோலை என்னைப் பெற்ற அய்யா காயவே விடமாட்டார். இறைப்பு முடிந்தால் அது தொட்டிக்குள் போய்விடும். ஈரம்தான் தோலுக்கு உயிர் என்று அடித்துப் பேசினேன். வெங்கிட்டு சாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஈரச் சாக்கில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, சர்க்கார் அரக்கு முத்திரை வைத்தாயிற்று.

கூட வேலை பார்த்த செல்லையா அண்ணாச்சி மட்டும் கேட்டார்: "ஏன்டே, கட்டிக்குடுக்கப் போற பொண்ணு மாதிரி குளிப்பாட்டி அனுப்புத?"

"ஒங்களுக்கு வெளங்காது அண்ணாச்சி, செவனேன்னு இரும்" என்றேன்.

பெட்டி வாடிபந்தர் கூட்ஸ் ஷெட்டில் போய் உட்கார்ந்தது. ராணுவச் சாமானுக்குத்தான் முதல் வேகன். எங்கள் பெட்டிக்கு இன்றைக்கு, நாளைக்கு என்று பத்து நாளுக்கு மேல் ஓடியது. மிச்சம் வந்த கொஞ்சம் கிண்ணங்களை அதேபோல ஈரச் சாக்கில் சுற்றி ஒரு மூலையில் போட்டிருந்தேன். ஒருநாள் அண்ணாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாராவித் தோல்கிடங்கில் ஒருவர் மூக்கைப் பிடிக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கைப் பிரித்தேன். கிண்ணமெல்லாம் வெள்ளைப் பூசணம். ஒன்றை எடுத்தேன், விரல் உள்ளே போயிற்று, ஊறின அப்பளம் மாதிரி.

கமலைத் தோல் தினமும் வெயிலும் காற்றும் பட்டு வேலை செய்கிற தோல். இது மூடின பெட்டிக்குள் புழுங்குகிற தோல். அந்த வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மத்தியானமே வெங்கிட்டு சார் சைக்கிளில் வந்து வாசலில் காலை ஊன்றி நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏம்பா, நாளைக்கு மத்தியானம் வேகன் கிடைச்சுடுத்து. அங்கே தந்தி அடிச்சாச்சு. வாரம் திரும்பறதுக்குள்ள தண்ணி!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப சந்தோசம் சாமி."

அவ்வளவுதான் சொன்னேன். அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் போன பிறகு, "சொல்ல மாட்டியாடே?" என்றார். நான் கத்தியைத் தீட்டுகிறவன் மாதிரி திரும்பிக்கொண்டேன். என்னால்தான் முடியும் என்று தாராவி முழுக்கச் சொல்லிவைத்த வாய். இப்போது எப்படித் திறக்கும்? பெட்டி போகட்டும், வழியில் கெட்டது என்று ரயில்வே தலையில் போடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தக் குடங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. தந்தியை நம்பி அவர்கள் பம்பின் முன்னால் வரிசை போடுவார்கள். பெட்டியைத் திறந்தால் கூழ்.

மறுநாள் விடிந்ததும் ரயில்பாலம் ஏறி மாட்டுங்காவுக்கு ஓடினேன். மாடிப்படியில் அவர் சம்சாரம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்: "தோல்கிடங்கு ஆள் வந்திருக்கான். கீழேயே நிக்கச் சொல்லட்டுமா?"

நான் படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். வெளியே வந்த வெங்கிட்டு சார் கையிலிருந்த காப்பி டம்ளரைப் படியிலேயே வைத்தார்.

"நேத்திக்கு ஏன்டா வாயைத் திறக்கலை?"

"பயம் சாமி."

"நான்னா கையெழுத்துப் போட்டிருக்கேன்!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பிறகு அடங்கின குரலில், "முத்திரை வச்ச பெட்டி. எங்க ஆபீஸ் துரை சொல்லாம உடைக்க முடியாது. வா" என்றார்.

கோட்டைப் பக்கத்துச் சர்க்கார் ஆபீசுக்குப் போனோம். துரை ஆபீசுக்கு வர ஒன்பதரை ஆயிற்று. மத்தியானம் வேகன். துரை முன்னால் சார் இங்கிலீஷில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. துரையின் கழுத்து சிவந்தது மட்டும் தெரிந்தது. மேஜையில் ஓர் அடி விழுந்தது, மைக்கூடு ஆடியது. சாரின் இரண்டு காதும் சிவந்துவிட்டன. துரை ஒரு தரம்கூட என் பக்கம் பார்க்கவில்லை. அது எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு வாடிபந்தருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். எங்கள் பெட்டியை வேகனுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சார் குடையை நீட்டி, "டைரோ, டைரோ!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தியதில் கூலிகள் பயந்தே போனார்கள். பெட்டியை இறக்கி உடைத்தோம். பார்க்கவே வேண்டாம், வாடையே சொல்லிவிட்டது.

திரும்பும் வழியில்தான் கேட்டேன், "தொரைகிட்ட என்ன சாமி சொன்னீங்க?"

"நனைச்சு அனுப்பச் சொன்னது நான்னு சொன்னேன்."

"ஏன் சாமி?"

"உன்னைச் சொன்னா அந்தக் கிடங்குக்கே ஆர்டர் கிடையாதும்பான். வேற ஆளைத் தேடறதுக்குள்ள கோடை போயிடும். நாலு நாள்ல பண்ணித் தருவியோ, மாட்டியோ? அதைச் சொல்லு."

அண்ணாச்சியும் ராவுத்தரும் நானும் நாலு நாள் கிடங்கை விட்டு நகரவில்லை. இந்தத் தடவை நிழலில் காயவைத்து, புங்க எண்ணெய் ஏற்றி, அச்சில் வந்த வடிவம் குலையாமல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினோம். மாட்டுவதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீரில் ஊறினால் போதும். அந்த ஒரு குடத்தை எங்கிருந்தாவது கொண்டுவருவார்கள் என்று எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

புதுப் பெட்டியோடு வெங்கிட்டு சாரும் போனார். பம்பு மாட்ட அல்ல, தண்டனையாக. அந்த வெயில் காட்டிலேயே வேலை என்று மாற்றல் உத்தரவு. போரிபந்தர் ஸ்டேஷனில் அவர் சம்சாரம் என்னோடு பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து கிடங்குக்கு இங்கிலீஷில் ஒரு கார்டு வந்தது. ராவுத்தர்தான் படித்துக் காட்டினார். எல்லாப் பம்பும் ஓடுகிறது, இன்னும் கிண்ணம் வேண்டும் என்று சார் எழுதியிருந்தார். தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தக் கிண்ணம்தான் என்னைத் தூக்கிவிட்டது. ராவுத்தருக்குப் பிறகு நானே தனியாகத் தொழில் வைத்தேன். போன வருஷம் எங்கள் சங்கத்து மேடையில், "அந்தக் காலத்திலேயே பஞ்சம் பிடித்த ஜில்லாவுக்குத் தண்ணீர் கொடுத்தவர்" என்று சொல்லி மாலை போட்டார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

தாராவியில் இன்று அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. மாட்டுங்கா வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். வெங்கிட்டு சார் குடும்பம் எந்த ஊருக்குப் போயிற்று என்று விசாரித்தேன், தாமதமாகத்தான் விசாரித்தேன், தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நனைத்து அனுப்பச் சொன்னவர் அவர் என்றுதான் சர்க்கார் காகிதத்தில் எழுதியிருக்கும். அதைத் திருத்தச் சொல்லிப் போய் நிற்க இன்று அந்தத் துரையும் இல்லை, அந்த ஆபீசும் இல்லை.