விரல் நீட்டிக் காட்டினால்தான் பாஸ்வேர்டு

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகட்டை அழுத்திக் கார் உதிரிபாகம் அடிக்கும் பிரஸ் கம்பெனி ஒன்றில் மெஷினின் வார்ப்பு அச்சை மாற்றுவது சுகிர்தாவின் வேலை. மெஷினுக்குள் கை விடும் முன் மெயினை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். சாவி தன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். அப்புறம் எதைத் தொடப் போகிறோமோ அதை விரலால் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்து முடித்துவிடுவார்கள். சுகிர்தா ஷெட்டுக்கே கேட்கும்படி சொல்வாள். கேலி செய்பவர்கள் செய்துவிட்டுப் போகட்டும், அவள் விரல் பத்தும் பத்திரமாக இருக்கின்றன.

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அவள் இப்படித்தான் என்பது கணவன் இம்மானுவேலுக்குத் தீராத தொல்லை. பழைய பெட்டி என்பதால் அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தாள். கட்டளையை டைப் செய்யும் டெர்மினல் திரையில் 'சூடோ' என்று ஆரம்பித்துக் கமாண்ட் கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும்; போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் அழிக்கும், ஏன் என்று கேட்காது. அந்தப் பாஸ்வேர்டை அவள் கட்டினவனிடம்கூடச் சொல்லவில்லை. அவனும் சர்ச் வாசலில் நின்று ஊருக்கே சொல்லிப் புலம்பியாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இம்மானுவேலின் தங்கை கிறிஸ்டினாவின் கல்யாண வீடியோவைப் பார்க்கத் திருப்பாச்சூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. வீடியோ இருந்ததோ ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில். எடுத்துக் கொடுத்தவர் தன்னிடமிருந்ததை அழித்துவிட்டார். டிவியில் போட அதைப் பென் டிரைவுக்கு மாற்ற வேண்டும். பென் டிரைவ் மக்கர் பண்ணியது. அதை ஃபார்மேட் செய்யும் கமாண்டை இம்மானுவேல் நெட்டில் தேடிப் பிடித்து, அப்படியே அடித்துவைத்துவிட்டு, பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தவளை இழுத்து வந்தான்.

"பாஸ்வேர்டு மட்டும் போடு சுகி. அவுங்க பஸ் ஏறிட்டாங்க."

"எத்த அழிக்கப் போற? கைய நீட்டிக் காட்டு."

அவன் சலித்துக்கொண்டே பென் டிரைவைக் காட்டினான். திரையிலும் காட்டு என்றாள். எந்தெந்த டிஸ்க் மாட்டியிருக்கிறது என்று சொல்லும் கமாண்டைப் பக்கத்திலேயே இன்னொரு டெர்மினலைத் திறந்து கொடுத்தாள். பெயரும் அளவும் வந்தன. தான் கமாண்டில் அடித்திருந்த டிஸ்க் பெயரைத் தேடிப் போன இம்மானுவேலின் விரல், அதற்கு நேரே ஒரு டெராபைட் என்றிருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றது. பென் டிரைவின் அளவு அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. நெட்டில் எழுதியவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் பென் டிரைவுக்கு. இவர்கள் வீட்டில் கல்யாண வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க்குக்கு.

சுகிர்தா திட்டத்தான் வாயெடுத்தாள், அவன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். அந்த வரியை அழித்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"இத்த புடிச்சிக்கினு அந்தாண்ட நில்லு."

பட்டியலை மறுபடி பார்த்து, பென் டிரைவின் பெயரை விரல் வைத்துச் சொல்லி, அதன் பிறகே பாஸ்வேர்டைப் போட்டாள். வேலை நொடியில் முடிந்தது. வீடியோவை மாற்ற ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டபோது, பச்சைக் குழந்தையைக் கொடுப்பது போல் இரண்டு கையாலும் கொடுத்தான்.

டிவியில் கிறிஸ்டினா தாலி கட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மா அழுதுகொண்டே சிரித்தார். இம்மானுவேல் மனைவியின் காதோரம் குனிந்தான்.

"அல்லாமே போயிருக்கும்ல?"

"போயிருக்கும்."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. அவன் எழுந்து உள்ளே போய், நல்ல கறியாகப் பொறுக்கி முதல் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தான். சம்பந்தி சிரித்தபடி கையை நீட்டினார். இம்மானுவேல் அவரைத் தாண்டிப் போய்த் தட்டை சுகிர்தாவின் மடியில் வைத்தான்.

"மொதல்ல நீ துன்னு."