முப்பத்தேழு டிகிரிக்கு யார் பொறுப்பு?

இன்னைக்கு ஏற்காடு பஸ்ல செல்வியைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

எங்க லேப்ல ஈஸ்ட்டை வளர்த்து, அதுகிட்ட இருந்து ஒரு மருந்துப் புரதம் எடுக்கிறோம். செம்மநத்தம் கிராமத்துச் செல்வி அங்கே உதவியாளரா இருந்தாங்க. போன மாசம் ஒரு தடவை புரதம் வரவே இல்லை. அவங்க கவனிக்கலைன்னு ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். அவங்க வேலை போயிடுச்சு.

அப்புறம்தான் மெஷினோட பதிவைப் பார்த்தேன். முப்பது டிகிரியில இருக்க வேண்டிய ஈஸ்ட் வளர்க்கிற மெஷினை முப்பத்தேழுல வச்சது நான்தான். அந்தச் சூட்டுல ஈஸ்ட் தன் உயிரைக் காப்பாத்திக்கத்தான் பாடுபடும், நமக்கு வேண்டியதைச் செய்யாது. இதை யார்கிட்டயும் நான் சொல்லலை.

செல்வியே பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க.

"ஏனுங்க சார், ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா? இப்ப ஈஸ்ட் நல்லா வருதுங்களா?"

தாங்க முடியலை. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவங்க என் பக்கம் திரும்பினாங்க.

"எங்கதான் தப்புப் பண்ணுனேன்னு நொம்ப யோசிச்சேனுங்க சார். இதை என்கிட்ட சொல்லி என்னங்க? ஆபீஸ்ல சொல்லுங்க."

பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஆபீஸுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். முதல் மூணு தடவையும் 'தவறு நடந்துவிட்டது'ன்னுதான் வந்துச்சு. நாலாவது தடவைதான் 'நான் தவறு செய்தேன்'னு எழுதி அனுப்பினேன்.

உங்களுக்கெல்லாம் அந்த 'நான்' எத்தனாவது தடவையில வரும்?