துருக்கிப் பத்திரிகையில் தம்பியைத் தேடிய மாதங்கள்

உக்ரைனில் போர் தொடங்கிய அன்று என் தம்பி அந்த நாட்டுக் கருங்கடல் துறைமுகம் ஒன்றில் கப்பலோடு நின்றான். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுவது அவன் வேலை. இரும்பு ஏற்றி முடித்து மறுநாள் புறப்பட இருந்தார்கள். அதற்குள் துறைமுக வாயிலில் கடற்கண்ணிவெடிகள் போட்டாகிவிட்டது, ஒரு கப்பலும் அசையக்கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். அவன் எனக்கு அனுப்பிய முதல் செய்தி இதுதான்: “அக்கா, இஞ்சை சண்டை தொடங்கீற்றுது. அம்மாவுக்குச் சொல்லாதை.”

அம்மா என்னோடுதான் இருந்தார், கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், பதினோராவது மாடியில். நாள் முழுக்கத் தமிழ்த் தொலைக்காட்சி ஓடும் வீட்டில் எதை மறைக்க முடியும்? அன்று பின்னேரமே அவருக்குத் தெரிந்துவிட்டது. செபமாலையைக் கையில் எடுத்தவர் சாப்பிடக்கூட அதைக் கீழே வைக்கவில்லை.

நான் தட்டாத கதவில்லை. கொழும்பில் அவனை வேலைக்கு எடுத்த ஏஜென்சி, “கொம்பனியோட பேசிக்கிட்டிருக்கோம்” என்றது. கப்பல் முதலாளியின் கந்தோரில் யாரும் போனை எடுப்பதில்லை. எங்கள் தொகுதி எம்பியின் அலுவலகத்தில் ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாக, தம்பி கனடியப் பிரஜை இல்லையே என்று சொன்னாள். இங்குள்ள செய்திகளில் டாங்கிகள் வந்தன, எரியும் நகரங்கள் வந்தன. துறைமுகத்தில் அடைபட்ட கப்பல்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்போது நான் ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் பன் பொதி செய்யும் வேலையில் இருந்தேன். எனக்கு எதிரே நின்று வேலை செய்தவர் துருக்கிக்காரி. கருங்கடல் கரையிலுள்ள ஊர், வயது அறுபதுக்குக் கிட்ட. மூத்த பெண்ணை அவர்கள் ‘அப்லா’ என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான்.

இடைவேளையில் நான் அழுதுகொண்டிருந்ததைக் கண்டு விசாரித்தார். சொன்னேன். அவர் தன் கைபேசியைத் துடைத்து என் பக்கம் திருப்பினார்.

“அந்தக் கடலிலிருந்து வெளியே வர எங்கள் நாட்டு நீரிணை ஒன்றுதான் வாசல். எங்கள் பத்திரிகைகளில் கப்பல்தான் முதல் பக்கம். நான் வாசித்துச் சொல்கிறேன்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம் அவர் வாசித்தார். இரண்டு பத்திரிகைகள். ஒன்று அவருடைய கணவர் நம்புவது. அதில் அவர்களுடைய அரசாங்கம்தான் உலகத்தையே காப்பாற்றிக்கொண்டிருந்தது. மற்றது அவர் நம்புவது. அதில் அதே அரசாங்கம் இரண்டு பக்கமும் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே சந்திப்பை ஒன்று வெற்றி என்று எழுதும், மற்றது தோல்வி என்று எழுதும்.

“இதில் எது உண்மை அப்லா?”

“இரண்டுமே எங்கள் அங்காரா அரசைப் பற்றி எழுதுகின்றன. உன் தம்பியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை” என்றார்.

ஆனாலும் நான் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகவே வேலைக்குப் போனேன். லிமான் என்றால் துறைமுகம், கெமி என்றால் கப்பல், அன்லஷ்மா என்றால் ஒப்பந்தம் என்று படித்துக்கொண்டேன். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அந்தப் பக்கங்களைத் திறந்து, விளங்காத வரிகளுக்கு நடுவில் இந்த மூன்று சொற்களையும் விரலால் தேடுவேன். பூசையில் மனம் நிற்காது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பார்: “துருக்கிக்காரி இண்டைக்கு என்ன சொன்னவ?”

“கதைக்கினமாம் அம்மா. கெதியிலை விட்டிடுவினமாம்.”

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்த அப்லா, கைபேசியைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார். “பேச்சுவார்த்தை தொடர்கிறது, ஜானிம். தேநீர் ஆறுகிறது, குடி” என்றார். ஜானிம் என்றால் என் உயிரே என்று அர்த்தம். ஆனால் கவிழ்க்குமுன் தம்பி நின்ற ஊரின் பெயரை நான் கண்டுவிட்டேன். அவனிடமிருந்து மூன்று நாளாகச் செய்தி இல்லை. நான் அனுப்பியவற்றில் ஒற்றைச் சரிக் குறிதான் நின்றது, அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, மொழிபெயர்க்கும் செயலியில் போட்டேன். துறைமுகத்தில் நின்ற வெளிநாட்டுக் கப்பலொன்றின் மேல் குண்டுச் சிதறல்கள் விழுந்ததாகவும் மாலுமிகள் இருவர் காயப்பட்டதாகவும் கடைசி வரியில் இருந்தது. கப்பலின் பெயர் இல்லை. நான் இறங்க வேண்டிய தரிப்பிடம் போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது. எங்கோ இறங்கி, எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் வேலை தொடங்கமுன் அவரைப் பிடித்தேன்.

“நேற்று அந்தக் கடைசி வரியை ஏன் வாசிக்கவில்லை?”

அவர் முகம் வெளிறிப்போனது. “வாய் வரவில்லை.”

“எவ்வளவு நாளாக இப்படி?”

“முதல் கிழமையிலிருந்து.”

“என் தம்பியின் உயிர் உங்களுக்கு விளையாட்டா?” என்று கத்தினேன். சுப்பவைசர் திரும்பிப் பார்த்தார். அப்லா தலைமுடிக்குப் போடும் வலையைச் சரிசெய்துகொண்டு தன் இடத்தில் போய் நின்றார். நான்கு நாள் நான் அவரோடு இருந்து சாப்பிடவில்லை. அந்த நான்கு நாளும் அம்மா கேட்டபோதெல்லாம் “கதைக்கினமாம்” என்றேன். மூன்றாம் நாள் அதைச் சொல்லும்போதே என் குரலில் அப்லாவின் குரல் எனக்குக் கேட்டது. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஐந்தாம் நாள் தம்பியிடமிருந்து குரல்பதிவு வந்தது. “எனக்கு ஒண்டுமில்லை அக்கா. சமையல்காரருக்கும் இன்னொரு பெடியனுக்கும்தான் காயம். எனக்கு இடது காது இரையுது, அவ்வளவுதான்.” நான் அப்லாவிடம் போய் அதைப் போட்டுக் காட்டினேன். ஒரு சொல்லும் விளங்காமல் முடியும்வரை கேட்டார்.

“இனி எல்லாத்தையும் வாசியுங்கோ” என்றேன். என்னை அறியாமல் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

எல்லாவற்றையும் வாசித்தார். அது மறைத்ததைவிடக் கொடுமையாக இருந்தது.

கோடை நடுவில் ஒரு நாள் பேக்கரி வாசலிலேயே அப்லா காத்து நின்றார். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். “அன்லஷ்மா! அன்லஷ்மா!” முதன்முறையாக இரண்டு பத்திரிகையிலும் ஒரே படம். நீண்ட மேசை, கொடிகள், கையெழுத்து. கப்பல்கள் வெளியேறலாம். நான் அங்கிருந்தே அம்மாவை அழைத்தேன். அம்மாவின் விம்மல்தான் கேட்டது. பிறகு தம்பியை அழைத்தேன்.

“அக்கா, அது தானியக் கப்பலுக்கு மட்டும்.”

“என்னடா சொல்லுறாய்?”

“எங்கடையிலை இருக்கிறது இரும்பு. கோதுமை ஏத்தியிருந்தா வந்திருப்பம்.”

அப்லா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்தியை மீண்டும் மேலிருந்து வாசித்தார். தானியம் என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. சந்தோஷத்தில் அவருடைய கண்ணுக்கு அது படவில்லை. அன்று பின்னேரம் அம்மாவிடம் எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. மாதாவுக்கு முன்னால் ஏற்றியிருந்த மெழுகுதிரியை அவர் ஊதி அணைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தப் பத்திரிகைகள் ஒவ்வொரு கப்பலும் அவர்களுடைய வாசலைக் கடந்து போவதைப் படம் போட்டன. கரையில் நின்று சனங்கள் கைகாட்டினார்கள். அப்லாவுக்குக் கோபம் வந்தது. செய்தி எழுதியவர்களில் ஒருவருடைய மின்னஞ்சலைத் தேடி, இருவரும் சேர்ந்து கடிதம் எழுதினோம். நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் துருக்கி மொழியில் எழுதினார். தானியம் ஏற்றாத கப்பல்களிலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எழுதினோம். தம்பியின் படம் ஒன்றையும் கேட்டு வாங்கி அனுப்பினோம்.

இரண்டு கிழமை கழித்து உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. சிக்கியிருக்கும் ‘இந்திய மாலுமிகள்’ என்று எழுதியிருந்தார்கள். இலங்கையைப் பற்றியும் இரும்பைப் பற்றியும் ஒன்றுமில்லை. தாடியோடு, கண்கள் உள்ளே போய், ஒரு கிழவன் படத்தில் இருந்தான். அம்மா கைபேசியை வாங்கி விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்.

“ஆர் இது, பிள்ளை?” என்றார்.

சற்று நேரத்தில் தன் மகன் என்று அவரே கண்டுபிடித்துவிட்டார்.

இலை உதிரும் காலத்தில்தான் அவன் வெளியே வந்தான். அந்த நான்கு வரியால் என்று நான் நம்பவில்லை. கப்பலைக் காக்க உள்ளூர்க்காரர் இருவரை முதலாளி வைத்துவிட்டு, மற்றவர்களை வான் ஒன்றில் ஏற்றி ருமேனியாவுக்கு அனுப்பினார். அதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அங்கிருந்து அழைத்தான். அம்மா போனைப் பறித்து, “எத்தினை தரம் சொன்னனான் கடலுக்குப் போகாதை எண்டு!” என்று ஏசத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. மறுமுனையில் அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு, மன்னாருக்குப் போனான். இடது காது கேட்காமலே போய்விட்டது. ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்த எஞ்சின் வேலை அங்கே இல்லை. ஒரு நாள் அழைத்து, வேறு கப்பலில் ஏறிவிட்டதாகச் சொன்னான்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“செங்கடலாலை போவம் போலை.”

அப்போது அந்தக் கடலிலும் கப்பல்களை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மா பக்கத்து அறையில் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனைப் பிடித்தபடி, “கவனம்” என்று மட்டும் சொன்னேன். அவன் கேட்காத காதில் வைத்திருந்தானோ என்னவோ, “என்ன அக்கா? என்ன?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.