காரும் சாம்பிராணி போட்ட நாள்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் சந்தை, சமையல், கோயில் என்று உங்களிடம் எல்லாம் பேசுகிறேன்... இதை மட்டும் பேசியதில்லை. ‘பூஜை போட்டதால்தான் இப்படி’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

போன வாரம் இங்கே சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடை வாசலில் பேட்டரி கார் ஒன்று சார்ஜில் நின்றது. அதன் மேலேயே ஒரு குழந்தை. இனியும் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா?

அப்போது என் மகள் மீனாவுக்கு நான்கு வயது. உட்கார்ந்து ஓட்டுகிற சிவப்புக் கார் ஒன்று வைத்திருந்தாள். ஆயுத பூஜைக்கு என் கணவர் தன் லாரிக்கு மாலை வாங்கி வந்தார். “அப்பா வண்டிக்கு மட்டும்தான் சாமியா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதானே?

அவர் கிளம்பியதும், எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டுக் கதவோரம் அவள் காரை நிறுத்தித் துடைத்தேன். விளக்குகளுக்குச் சந்தனம், குங்குமம். ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு. சீட்டுக்குக் கீழே வட்டமாக ஒரு சின்ன ஓட்டை – நெற்றி மாதிரி அம்சமாக இருந்தது. அங்கேயும் குழைத்த சந்தனத்தை நிறைய வைத்தேன்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டச் சொன்னேன். வண்டி நகரவில்லை. சார்ஜ் இல்லை. பழம் நசுங்காமல் பூஜை எப்படி முடியும்? சார்ஜரைச் செருகுவதோ அதே ஓட்டையில்தான். விரலால் சந்தனத்தை வழித்துவிட்டுச் செருகினேன். மீனா இறங்க மாட்டேன் என்றாள். அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டு, சாமி படங்களுக்கு முன்னால் போய்ச் சாம்பிராணி போட்டேன்.

வீடெல்லாம் புகை. மணி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

“அம்மா, என் காரும் சாம்பிராணி போடுதும்மா.”

சிரித்துக்கொண்டேன். என்ன பக்தி என் பிள்ளைக்கு! மணியை நிறுத்தவில்லை.

“அம்மா... சூடா இருக்கும்மா.”

திரும்பினேன். அவள் கால்களுக்கு நடுவிலிருந்து கறுப்புப் புகை. சுவிட்சை அணைத்தேனா, பிள்ளையைத் தூக்கினேனா – எது முதலில் என்று இன்றும் தெரியாது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றதும் அந்தக் கார்தான். அதைத் தாண்டித்தான் வெளியே ஓடினேன்.

எதிர்வீட்டு ரோஸ்னா அக்கா ஓடி வந்தார். மலாய்க்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். கருகல் வாடை அவருக்கு முன்பே அடித்ததாம். “உங்க சாமி நேரம்... கதவைத் தட்டினா மரியாதை இல்ல லா. அதான் சும்மா இருந்தேன்” என்று சொல்லி அழுதுவிட்டார்.

வாடை எனக்கும்தானே அடித்தது? கடைக்காரர் சாம்பிராணியை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றல்லவா நினைத்தேன்!

முருகன் புண்ணியம், மீனாவுக்குத் தொடை சிவந்ததோடு போயிற்று. கணவர் வந்து காரைக் கழற்றினார். ஈரச் சந்தனம் உள்ளே இறங்கியிருந்தது. ஒயர் உருகி ஒட்டிக்கிடந்தது. பிறகு கேட்டார்:

“லாரிக்கு டீசல் ஊத்துற வாயிலயா நான் பொட்டு வைக்கிறேன்?”

இப்போது சின்னவனிடம் ஒரு பேட்டரி ஜீப் இருக்கிறது. அதற்கும் பூஜை உண்டு – பொட்டு ஸ்டியரிங்குக்கு மட்டும். அவன் இறங்கிய பிறகுதான் சார்ஜ். அதுவும் வாசலைவிட்டுத் தள்ளி. முடியும்வரை பக்கத்திலேயே நான். அதையும் சாமி காரியமாகத்தான் செய்கிறேன்.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்புங்கள். சாமி தண்டித்தார் என்று சேர்க்க வேண்டாம். அற்புதம் நடந்தது என்றும் சேர்க்க வேண்டாம். நீளமாக இருக்கிறதே என்று எதையும் வெட்டவும் வேண்டாம்.

முக்கியமாக ஒரு வரி – முதல் தடவை அவள் சொன்னபோது நான் மணியை நிறுத்தவில்லை. அது அப்படியே போய்ச் சேரட்டும்.