பெயர் கொடுக்கப் பயம்

பரந்தன் சந்தியில் பூநகரி பஸ்ஸுக்காகப் பதினொரு பேர் நிற்கிறோம். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் மகள் லெபனானில் வீட்டுவேலை செய்கிறாள். அங்கே குண்டு விழுகிறது. நாடு திரும்ப விரும்புவோரைப் பெயர் பதியும்படி அங்குள்ள இலங்கைத் தூதரகம் கேட்டிருக்கிறது.

"மகள் பதிஞ்சிட்டாவோ?" என்று கேட்கிறேன்.

"நான்தான் வேண்டாமெண்டனான், ஐயா. இஞ்சை சண்டை முடியேக்கை ஆமியிட்டைப் பேர் குடுத்த என்ரை மனுசனை பஸ்ஸிலை ஏத்தினவங்கள். இண்டைவரைக்கும் வரேல்லை."

"இது கூட்டிக்கொண்டு வாறதுக்கு, பிள்ளை. பதியச் சொல்லுங்கோ."

"அப்பவும் விட்டிடுவம் எண்டுதான் சொன்னவங்கள்."

"அங்கை குண்டெல்லோ விழுகுது, பிள்ளை," என்கிறேன், நான் சொல்வது பிழைத்துவிடுமோ என்ற பயத்தோடு. அவர் கைபேசியை எடுக்கிறார். ஆறாவது முறை மணி அடித்ததும் மகளின் குரல் கேட்கிறது.

"பேரைக் குடு பிள்ளை. ஆனா பஸ்ஸிலை ஏத்தினா போனை வைக்காதை. இறங்குமட்டும் என்னோடை கதைச்சுக்கொண்டே இரு."