எட்டாம் நம்பர் பூட்ஸ்

அப்பா ராணுவத்தில் ஸ்டோர் ஹவில்தாராக இருந்தவர். அரிசி, பருப்பு, கம்பளி, பூட்ஸ் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. வடக்கே பனிமலையில் போர் நடந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். "என் கையால வாங்காம ஒருத்தனும் மேல போகல" என்று அடிக்கடி சொல்வார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, வடக்கனந்தலில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு ஊன்றுகோல்களோடு ஒருவர் இறங்கினார். இரண்டு கால்களும் செயற்கைக் கால்கள்.

"ஹவில்தார் சார் வூடு இதானம்மா? நான் கல்ராயன் மலை. சாரோட யூனிட்டு."

பழைய கூட்டாளியைப் பார்த்தால் அப்பா மகிழ்ந்து போவார் என்று நினைத்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். நான்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

வந்தவர் என்னைப் பார்த்தே பேசினார்.

"சண்டையில என் பூட்ஸு பிஞ்சிபோச்சும்மா. சார்கிட்ட வேற கேட்டன். ஆபீசர் சீட்டு வேணும்னாரு. ஆபீசரு மலைமேல இருந்தாரு. கிழிஞ்சதோடயே போனன். நாலு நாள் பனியில நின்னுக்கினு இருந்தன். ரெண்டு காலும் போச்சு."

ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தார். "ஊனத்துக்கு பென்ஷன் கேட்டா இல்லன்னுட்டாங்க. புது பூட்ஸு குடுத்தும் நான் போடலன்னு ரெக்கார்டுல இருக்குதாம், இப்பதான் காட்டினாங்க. வாங்கினதுக்கு என் கையெழுத்தும் இருக்குது. அந்தத் தேதியில நான் மேல இருந்தன்."

எனக்குக் கோபம் வந்தது. "எங்கப்பா அப்படியெல்லாம் செய்றவரு இல்லீங்க" என்றேன். அவரே மறுக்கட்டும் என்று அப்பா பக்கம் திரும்பினேன்.

"அந்தக் கையெழுத்த நான்தான் போட்டன்" என்றார் அப்பா.

அப்பா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "இவன் அளவு எட்டாம் நம்பர் பூட்ஸு ஸ்டோர்ல இருந்திச்சி. அடுத்து வர்றவங்களுக்குன்னு வச்சிருந்தன். இவன கீழ தூக்கினு வந்ததும் விசாரணை வரும்னாங்க. வேல போயிடும்னு பயந்துட்டன். நீ அப்ப ஒம்பதாவது படிச்சிக்கினு இருந்த."

வந்தவர் திட்டவில்லை. "எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பொய்யாக' என்ற சொல்லில் என் பேனா நின்றது. "எழுது" என்றார். எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் கள்ளக்குறிச்சி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். படித்துப் பார்த்த அதிகாரி, "இதுல உங்க பென்ஷனுக்கே பிரச்சினை வரலாம், தெரியுங்களா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்" என்றார் அப்பா.

பல மாதங்கள் கழித்து கல்ராயன் மலையிலிருந்து போன் வந்தது. அவருக்குப் பென்ஷன் கிடைத்துவிட்டது. சொன்னேன். அப்பா "சரி" என்றார். அவர்மேல் நடவடிக்கை ஏதும் இதுவரை வரவில்லை. தபால்காரர் வந்தால் மட்டும் எழுந்து நின்றுவிடுகிறார்.

சோறு போடுகிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். என் படிப்பும் அந்தப் பயத்துக்குள் இருந்தது என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்னும் வரவில்லை.